1.65 கோடி முதல் ஏலம் போகாத நாள் வரை: கபடி ஆட்டக்காரரின் ஏற்றமும் இறக்கமும்

2016 ஜூலை 31, ஹைதராபாத். புரோ கபடி லீக் நான்காவது சீசனின் இறுதி ஆட்டம். பாட்னா பைரேட்ஸ் 37-29 என்ற கணக்கில் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸை வென்றது. கோப்பையை வாங்கிய கேப்டன் தர்மராஜ் சேரலாதன், தஞ்சாவூர் மாவட்டம் திருக்காட்டுப்பள்ளி பக்கத்துக் கிராமத்துக்காரர். தடுப்பு வரிசையின் வலது ஓரமான ரைட் கார்னரில் நின்று, பாட வருபவரைப் பிடிப்பவர். அப்போது அவருக்கு வயது 41. அதே அணிக்காகப் பாடிப் போய் (ரைடு போய்ப்) புள்ளிகளை அள்ளிய ஹரியானா பையன் பர்தீப் நர்வாலுக்கு வயது 19.

ஒன்பது வருஷம் கழித்து, 2025 ஏலத்தில் பர்தீப்பின் பெயர் வாசிக்கப்பட்டபோது எந்த அணியும் கேட்கவில்லை. 28 வயதில் ஓய்வை அறிவித்தார். லீக்கில் அவர் எடுத்த ரைடு புள்ளிகள் 1801. அந்த எண்ணிக்கையை அதுவரை வேறு எவரும் தொட்டதில்லை. சேரலாதனோ 2021-22 சீசனில் ஜெய்ப்பூர் அணியில் இருந்தபோது 46 வயதைக் கடந்திருந்தார்.

ஒரே அணியில் ஒரே கோப்பையை வாங்கிய இருவரில் ஒருவர் 28-ல் முடிக்கிறார், இன்னொருவர் 46 வரை நிற்கிறார். இதற்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்லிவிட்டுப் போக முடியாது. உடம்பை எந்த வேலைக்குச் செலவழித்தார், எந்தத் தரையில் பழகினார், ஏலத்தன்று அணிகளின் கையில் எவ்வளவு பணம் மிச்சமிருந்தது, முழங்காலுக்கு யார் வைத்தியம் பார்த்தார்கள், மாதச் சம்பளம் வரும் வேலை கையில் இருக்கிறதா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு கபடி ஆட்டக்காரரின் வாழ்க்கை புரியும். நம் டெல்டா ஊர்களில் ஏலத்தொகையை வைத்தே ஒருவரை மதிக்கிறோம், அது சரிந்தால் “அவன் ஆட்டம் போச்சு” என்கிறோம். ஏலத்தொகை கடைசியாக வரும் எண். அதைத் தீர்மானிக்கும் காரியங்களில் பாதி, 15 வயதுக்கும் 23 வயதுக்கும் நடுவே ஊர்த் திடலிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

எடை போடும் இடத்தில் தொடங்கும் கோளாறு

சம்பா அறுவடை முடிந்து தை பிறந்தால், மேட்டூர் திறந்து குறுவைக்கு நாற்றுவிடும் ஆனி மாதம் வரைக்கும் டெல்டாவில் கபடிக் காலம். மன்னார்குடி, வடுவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, திருக்காட்டுப்பள்ளி என்று ஊருக்கு ஊர் மின்னொளிப் போட்டிகள். கோயில் திருவிழாவை ஒட்டி ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு ஒன்று. போஸ்டரில் நுழைவுக் கட்டணம், முதல் நான்கு பரிசு, சுழற்கோப்பை, அதோடு முக்கியமாக எடைப் பிரிவு இருக்கும். 55 கிலோ, 60 கிலோ, 65 கிலோ என்று பிரித்து நடத்துவது நல்ல நோக்கத்தில் வந்த ஏற்பாடு. சின்ன உடம்புக்காரனும் ஆட வேண்டும் என்பதற்காக வந்தது.

ஆனால் நடப்பது வேறு. 58 கிலோ இருக்கும் 16 வயதுப் பையனை 55 கிலோ பிரிவில் இறக்கினால் மற்றவர்களைவிட வலுவாக இருப்பான், பிடியில் சிக்கமாட்டான். அதனால் முந்தின நாள் ராத்திரியே சோறு நிறுத்தம். போட்டியன்று மத்தியானம் முதல் தண்ணீரும் கிடையாது. சாயங்கால வெயிலில் ஜெர்கின் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓட்டம். ஆறு மணிக்கு எடை. முள் 55-ஐத் தொட்டுவிட்டால் அங்கேயே நின்று இரண்டு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிடைத்ததைச் சாப்பிடுவான். முதல் ஆட்டம் ராத்திரி பத்து மணிக்கு, அரையிறுதி விடியற்காலை மூன்று மணிக்கு.

மூன்று கிலோ வியர்வை போனால் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீர் குடிப்பதால் அது திரும்பாது. இரண்டாவது ஆட்டத்தில் கெண்டைக்கால் இழுக்கும், தொடையின் பின்பக்கத் தசை கிழியும். தசை களைத்துப் போனால் முழங்காலைத் தாங்குவதற்கு ஆள் இல்லை. எடையைக் குறைத்தே தீர வேண்டுமென்றால் மூன்று நான்கு வாரத்தில் மெதுவாகக் குறைக்க வேண்டும். எடை போட்டு முடிந்ததும் ஓ.ஆர்.எஸ். கரைசல், வாழைப்பழம், தயிர்சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தர வேண்டும். வளரும் வயதுப் பையனுக்கு இதைச் செய்யவே கூடாது என்பது எங்கள் கருத்து.

இதில் உடம்பைத் தாண்டிய நஷ்டமும் ஒன்று உண்டு. 20 வயதுக்குட்பட்ட ஜூனியர் ஆண்கள் பிரிவுக்கு எடை வரம்பு 70 கிலோ. சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ. 55 கிலோ பிரிவிலேயே நான்கு வருஷம் தொடர் நாயகன் வாங்கிய பையன், 19 வயதில் சீனியர் தேர்வுக்குப் போனால் 80 கிலோ கவர் ஆட்டக்காரர் (கார்னருக்கு உள்பக்கம் நின்று தடுப்பவர்) ஒரே டேஷில், அதாவது ஒரே மோதலில், கோட்டுக்கு வெளியே தள்ளிவிடுவார். உடம்பை ஏற்ற வேண்டிய வயதில் இறக்கிக்கொண்டே இருந்ததன் பலன் இது. டெல்டாவில் பாதிப் பேருடைய முதல் சறுக்கல் இங்கேதான். வெளியில் யாருக்கும் தெரியாது, செய்தியிலும் வராது.

மண்ணிலிருந்து ‘மேட்’ விரிப்புக்கு

டெல்டாவின் வண்டல் களிமண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், தண்ணீர் பட்டால் வழுக்கும். அதனால் திடல் போடுகிறவர்கள் கல் பொறுக்கி, மேல்மண்ணைக் கொத்தி, சலித்த செம்மண்ணும் மணலும் கலந்து பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுவார்கள். இந்தத் தரையில் வெறுங்காலோடு ஆடுகிற பையனுக்குப் பெருவிரல்தான் பிடிமானம். திரும்பும்போது கால் ஒரு விரற்கடை சறுக்கும். அந்தச் சறுக்கல் முழங்காலுக்குப் பாதுகாப்பு. முறுக்கும் விசையில் ஒரு பகுதி மண்ணோடு போய்விடுகிறது.

மாநில, தேசியப் போட்டிகளும் லீக்கும் ‘மேட்’ (mat) என்ற விரிப்பில்தான். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒன்றோடொன்று கோத்த ரப்பர் நுரைப் பலகைகள், காலில் ஷூ கட்டாயம். ஷூ மேட்டைக் கவ்விக்கொள்ளும். பாதம் நின்ற இடத்தில் நிற்க, இடுப்பு மட்டும் திரும்பினால் நடுவிலுள்ள முழங்கால்தான் முறுக்கு வாங்கும். மண்ணில் பத்து வருஷம் பழகிய பையனுக்கு, திரும்பும்போது காலைச் சற்றுத் தூக்கி வைக்கும் பழக்கம் இருக்காது. மேட்டுக்குப் போன முதல் மூன்று மாதம் காயம் அதிகம் வருவதற்கு இதுவே காரணம். சிறிய அடிகளாக வைத்து நிற்பது, முட்டியை உள்பக்கம் சாயவிடாமல் குதித்து இறங்குவது, இரண்டையும் தனியாகப் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் முழு வேகத்தில் பாடப் போக வேண்டும்.

இப்போது ஊர்ப் போட்டிகளிலும் வாடகைக்கு மேட் விரிக்கிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் தை, மாசியில் நள்ளிரவுக்கு மேல் மேட்டில் பனி இறங்கும். ஈர மேட்டில் ஆடுவது மண்ணைவிட ஆபத்து. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் துணியால் துடைத்தாக வேண்டும். அல்லது மேலே பந்தல் வேண்டும். பரிசுத்தொகையில் கொஞ்சம் குறைத்தாலும் பந்தலைப் போடுங்கள் என்று போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

பாடுகிறவரின் உடம்பும் கார்னரின் உடம்பும்

முதன்மை ரைடர் ஒருவர் 40 நிமிட ஆட்டத்தில் 15 முதல் 20 முறை பாடப் போகிறார். ஒவ்வொரு ரைடும் அதிகபட்சம் 30 நொடி. எதிரே ஏழு பேர். சிக்கினால் மூன்று நான்கு உடம்புகள் மேலே விழும். கார்னரில் நிற்பவர் அதே ஆட்டத்தில் மனசார இறங்கிப் பிடிக்கப் போவது சில முறைதான். மீதி நேரம் இடம் மாறுவதும் பார்ப்பதும் கவரைக் கூப்பிடுவதும். ஒரு சீசன் முழுக்க இதைப் பெருக்கிப் பாருங்கள். ஐந்தாவது சீசனில் பர்தீப் 26 ஆட்டங்களில் 369 ரைடு புள்ளிகள் எடுத்தார். புள்ளி வராத ரைடுகளையும் சேர்த்தால் அந்த முழங்கால்கள் எத்தனை முறை மடங்கி நிமிர்ந்திருக்கும்!

அதிலும் பர்தீப்பின் முத்திரை, டூப்கி. கை கோத்துச் சங்கிலியாக வருகிறவர்களுக்குக் கீழே, இடுப்பை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, வேகம் குறையாமல் நுழைந்து நடுக்கோட்டுக்கு வந்துவிடுவது. தொடை வலு, இடுப்பின் நெளிவு, ஆழமாக மடங்கிய முட்டியில் வெடித்துக் கிளம்பும் சக்தி ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் வேண்டும். அதில் ஒன்று சற்றுக் குறைந்தாலும் டூப்கி நுழைவதற்குப் பதிலாகத் தானே போய் விழுவதாகிவிடும். அதோடு, தொடர்ந்து பல வருஷம் ஒளிபரப்பான ஆட்டம். எந்தக் காலை முன்வைக்கிறார், எந்தப் பக்கம் இறங்குகிறார் என்று எல்லா அணியின் வீடியோ ஆளும் எண்ணி வைத்திருப்பார். தடுப்பவர்கள் சங்கிலியை உயர்த்திப் பிடிக்காமல் இடுப்பளவில் தாழ்த்திக் கொண்டுவரக் கற்றுக்கொண்டார்கள். அவருடைய ஆட்டம் மங்கியதில் உடம்புக்கு எவ்வளவு பங்கோ, எதிராளி படித்ததற்கும் அவ்வளவு பங்கு உண்டு.

புதிய ரைடரின் இரண்டாவது வருஷம் சறுக்குவதும் இதனால்தான். முதல் சீசனில் யாருக்கும் அவர் பழக்கம் தெரியாது. இரண்டாவது சீசனில் எதிரணி கார்னர் வேண்டுமென்றே அரை அடி முன்னால் வந்து இடம் காட்டுவார். ரைடர் போனஸுக்கு, அதாவது போனஸ் கோட்டைத் தாண்டிக் கூடுதல் புள்ளி எடுக்க, கால் நீட்டுவார். நீட்டிய கால் தரையைத் தொடுமுன் கணுக்கால் பிடி விழும். களத்தில் தடுப்பவர்கள் ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் உண்டு என்பதால் அந்த நேரத்தில் எங்கே கால் வரும் என்பது தடுப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். இரண்டு ரைடு வெறுமனே திரும்பினால் மூன்றாவது டூ ஆர் டை. எடுத்தால் புள்ளி, இல்லாவிட்டால் அவுட். போனஸ் அடைபட்ட ரைடர் அடிக்கடி டூ ஆர் டைக்குத் தள்ளப்படுகிறார். இதிலிருந்து மீள்வதற்கு ஒரே வழி, இரண்டாவது கையிருப்பு. வலது கையால் மட்டும் தொடுகிறவர் பேக் கிக் (காலைப் பின்னால் உதைத்துத் தொடுவது) பழக வேண்டும், போனஸையே நம்பியவர் ரன்னிங் ஹேண்ட் டச் (ஓடிக்கொண்டே கையால் தொடுவது) பழக வேண்டும். ஆட்டத்தில் புகுத்துகிற அளவுக்கு ஒரு புது வித்தை கைவர, இரண்டு சீசனுக்கு நடுவே வரும் ஓய்வுக்காலம் முழுக்கப் பிடிக்கும்.

சேரலாதன் நீண்ட காலம் நின்றதற்கு அவர் நின்ற இடம் ஒரு காரணம், அந்த இடத்தில் அவர் வளர்த்துக்கொண்ட பார்வை இன்னொரு காரணம். கார்னருக்கு வயது ஏற ஏற வேகம் குறையும், படிப்பு கூடும். ரைடர் தோளை எப்போது திருப்புகிறார், மூச்சு எப்போது தளர்கிறது, கடிகாரத்தில் எத்தனை நொடி மிச்சம் என்பதெல்லாம் தெரிந்தவர் ஒரு அடி தாமதமாகக் கிளம்பினாலும் சரியான இடத்துக்குப் போய்விடுவார். 2016-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். பிற்பாடு தமிழ் தலைவாஸின் பயிற்சிக் குழுவுக்கும் வந்தார். 23 வயதில் ரைடராக மட்டும் இருக்கும் டெல்டாப் பையன்களுக்கு நாம் சொல்ல வேண்டியது, வாரத்தில் இரண்டு நாளாவது கார்னரிலோ கவரிலோ நின்று பழகுங்கள் என்பதுதான். பாட்டு போனாலும் பிடி இருக்கும்.

ஏலத்தின் கணக்கு

2014-ல் லீக் தொடங்கியபோது அதிக விலை ராகேஷ் குமாருக்கு, 12.8 லட்சம். நான்கே வருஷத்தில், 2018-ல், மோனு கோயத் 1.51 கோடிக்குப் போனார். 2021-ல் பர்தீப் 1.65 கோடி. 2022-ல் பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. இதையெல்லாம் கேட்கும் கும்பகோணத்துப் பெற்றோருக்குக் கபடி என்றாலே கோடி என்று தோன்றுவது இயல்பு.

கணக்கைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் செலவழிக்க முடிவது, அண்மைச் சீசன்களில், 5 கோடி. அணியில் குறைந்தது 18 பேர், அதிகபட்சம் 25 பேர். ஒருவருக்கு 2 கோடிக்கு மேல் கொடுத்த அணிக்கு மீதிப் பதினேழு பேருக்கும் 3 கோடிக்குள்தான் மிச்சம். அதிலும் தக்கவைத்தவர்களின் தொகை ஏற்கெனவே கழிந்திருக்கும். அடிப்படை விலை ஏ பிரிவுக்கு 30 லட்சம், பி 20, சி 13, டி 9. நடுத்தர ஆட்டக்காரர் ஒருவர் போன வருஷம் நன்றாக ஆடி, அதனால் சி-யிலிருந்து பி-க்கு ஏறினால், சில சமயம் அதுவே அவருக்கு வினையாகிவிடும். 13 லட்சத்துக்கு எடுத்திருப்பார்கள். 20 லட்சம் என்றதும் தயங்குவார்கள்.

இன்னொன்று, ஏலத்தில் பெயர் வரும் வரிசை. தொடக்கத்தில் எல்லா அணியின் பையும் கனமாக இருக்கும். கடைசியில் வந்த லெஃப்ட் கார்னருக்கு, லெஃப்ட் கார்னர் தேவைப்படும் அணி ஒன்றும் மிச்சமில்லை என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வீட்டுக்குத்தான். ஆகவே விலை என்பது அன்றைய தேதியில் அணிகளின் ஓட்டைகளையும் மிச்சப் பணத்தையும் காட்டும் எண். ஆளின் திறமையை அது பாதிதான் சொல்லும்.

பவனின் வரிசையைப் பாருங்கள். 2.26 கோடிக்குத் தமிழ் தலைவாஸுக்கு வந்தவர் 2022 அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே, பாடும்போது அல்ல, பிடிக்கப் போனபோது முழங்காலில் அடிபட்டு அந்தச் சீசன் முழுக்க உட்கார்ந்தார். ஒரு சீசன் ஆடாதவருக்கு 2023 ஏலத்தில் 2.605 கோடி கிடைத்தது, தெலுங்கு டைட்டன்ஸில். அதற்குள் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்து தங்கம் வென்றிருந்தார். டைட்டன்ஸில் அவர் புள்ளிகள் எடுத்தும் அணி அடிமட்டத்திலேயே கிடந்தது. 2024-ல் அதே அணி 1.725 கோடிக்குத் தக்கவைத்தது. 2025-ல் 59.5 லட்சத்துக்கு மறுபடி தமிழ் தலைவாஸ். மூன்று வருஷத்துக்குள் 2.6 கோடியும் அவர்தான், 60 லட்சமும் அவர்தான்.

பர்தீப்பின் இறக்கம் படிப்படியானது. 1.65 கோடி, அடுத்த வருஷம் 90 லட்சம், 2024-ல் 70 லட்சம், பிறகு ஏலம் போகவில்லை. 70 லட்சத்துக்கு எடுத்தது பெங்களூரு புல்ஸ். 2015-ல் அவர் லீக்கில் அறிமுகமான அணியும் அதுதான்.

சீசன் வரும் மாதமும் நிலையாக இல்லை. 2022-ல் அக்டோபரில் தொடங்கியது, 2023-ல் டிசம்பரில், 2025-ல் ஆகஸ்ட் கடைசியில். 2020-ல் கொரோனாவால் நடக்கவே இல்லை. எந்த மாதத்துக்கு உடம்பை உச்சத்துக்குக் கொண்டுவருவது என்று ஆட்டக்காரர் முன்கூட்டித் திட்டமிட முடிவதில்லை. நம்மூர்ப் பையன் பங்குனி முழுக்க ராத்திரி கண்விழித்து ஊர்ப் போட்டி ஆடிவிட்டு, ஆடியில் அணியின் முகாமுக்குப் போனால் அங்கே களைத்த உடம்போடுதான் நிற்பான்.

முழங்கால்

கபடி வாழ்க்கையை முறிக்கும் காயங்களில் முதலிடம் முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநாருக்கு. கால் ஊன்றிய நிலையில் உடம்பு திரும்பும்போது அறும். கணுக்காலை ஒருவர் பிடித்திருக்க, மேலே இன்னொருவர் மோதும்போதும் அறும். அறுந்த கணத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தமோ உணர்வோ வரும். சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கும். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து நடக்க முடியும். இங்கேதான் ஏமாந்துபோகிறோம். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நன்றாக இருக்கும். தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது. எண்ணெய்க் கட்டுப் போட்டு, “சுளுக்குதான், சரியாகிவிட்டது” என்று திரும்பவும் இறங்குவான். படியிறங்கும்போதோ திரும்பும்போதோ முட்டி விட்டுக்கொடுப்பது போல இருந்தால் அது அறுந்ததன் அடையாளமாக இருக்கலாம். தாங்க ஆளில்லாத முட்டியோடு ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற மெத்தையைக் கிழிக்கும். முதல் நாள் ஒரு அறுவைச் சிகிச்சையோடு முடிந்திருக்க வேண்டியது, ஆறு மாதம் கழித்துத் தேய்மானத்தில் போய் நிற்கும்.

அதனால் வீக்கம் சில மணி நேரத்தில் வந்தால், எலும்பு சரி என்று சொன்னாலும், விளையாட்டுக் காயம் பார்க்கும் மருத்துவரிடம் காட்டி எம்.ஆர்.ஐ. எடுத்துவிட வேண்டும். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வசதி இருக்கிறது. அறுவைச் சிகிச்சையில் தொடையின் பின்தசையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்துவார்கள். புதிய நார் உடம்போடு ஒன்றிப்போகக் காலம் வேண்டும். ஒன்பது மாதத்துக்கு முன் களம் இறங்கினால் மறுபடி அறும் வாய்ப்பு பல மடங்கு. ஒன்பது மாதம் என்பதும் காலண்டர் கணக்கு மட்டும்தான். ஒற்றைக்காலில் தாவும் தூரத்திலும் தொடை வலுவிலும், அடிபட்ட கால் நல்ல காலுக்கு 90 சதவீதமாவது ஈடுகொடுக்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட் அளந்து பார்க்க வேண்டும். அறுவைக்குச் செலவழிக்கும் குடும்பங்கள் பிசியோதெரபிக்கு மூன்றாம் மாதத்தோடு நிறுத்திவிடுகின்றன. மீண்டும் அறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை.

வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு இறங்குவது இன்னொரு வழக்கம். வலி என்பது எச்சரிக்கை; அதை அணைத்துவிட்டு ஆடினால் சேதம் தெரியாமலே கூடும். தேசிய மட்டத்தில் இதில் வேறொரு அபாயமும் இருக்கிறது. வீக்கத்தைக் குறைக்கப் போடும் ஸ்டீராய்டு (குளுக்கோகார்ட்டிகாய்டு) வகை ஊசிகள் எல்லாமே 2022 முதல் போட்டிக்காலத்தில் தடை செய்யப்பட்டவை. ஊர் கிளினிக்கில் வீக்கத்துக்குப் போடும் சாதாரண ஊசியே ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிவிடக்கூடும். எந்த மருந்தானாலும் சீட்டில் எழுதி வாங்குங்கள், பெயரைச் சரிபாருங்கள்.

சம்பளம் வரும் வேலை

ஏலத்தொகை ஒரு சீசனுக்கானது. வரிப் பிடித்தம் போக வருவது கையில் நிற்பதற்குள் வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், ஒரு பைக் என்று போய்விடும். ஆட்டக்காரரை இறக்கத்தில் தாங்கிப் பிடிப்பது ரயில்வே, காவல்துறை, வருமான வரி, வங்கி, விமானப்படை போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. வேலையில் இருப்பவர் ஏலம் போகாத வருஷத்திலும் துறை அணிக்கு ஆடுவார், பயிற்சிக்கு நேரம் கிடைக்கும், முட்டிக்கு வைத்தியம் பார்ப்பார். வேலை இல்லாதவர் அந்த வருஷமே வெளிநாட்டுக்கோ திருப்பூருக்கோ போய்விடுகிறார். ஆட்டமும் அத்தோடு முடிகிறது.

இந்தக் கதவு திறந்திருக்கும் காலம் குறைவு. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசுப் பணிகளுக்குச் சான்றிதழ் குறிப்பிட்ட படிவத்தில் வேண்டும். நாட்டுக்காக ஆடியதற்குப் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4. ஒவ்வொன்றிலும் யார் கையெழுத்து வேண்டும் என்பது வேறு வேறு. போட்டி முடிந்த மாதத்திலேயே வாங்கிவிட வேண்டும். மூன்று வருஷம் கழித்துப் போனால் நிர்வாகி மாறியிருப்பார், பதிவேடு கிடைக்காது.

‘தேசிய அளவிலான மாபெரும் போட்டி’ என்று போஸ்டர் அடித்து நடக்கும் தனியார் போட்டிகளின் சான்றிதழுக்கு இங்கே மதிப்பில்லை. கோப்பை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, அங்கீகாரம் பெற்ற சங்கமோ பல்கலைக்கழகமோ பள்ளிக் கல்வித்துறையோ நடத்தியதாக இருந்தால்தான் எண்ணிக்கையில் வரும். அதனால் ஊர்ப் போட்டியும் பல்கலைக்கழக அணித் தேர்வும் ஒரே நாளில் வந்தால் தேர்வுக்குத்தான் போக வேண்டும். வெளியூர் ஆட்டக்காரராக ஒரு ராத்திரிக்குக் கிடைக்கும் தொகையைப் பார்த்துத் தேர்வைத் தவறவிட்ட நல்ல ரைடர்கள் மாவட்டம்தோறும் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் பிறந்த தேதியும் பெயரின் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பத்தாம் வகுப்பிலேயே பார்த்துத் திருத்திவிடுவது நல்லது.

பள்ளிப் பாதையும் கைவிடக்கூடாத ஒன்று. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறும் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, அரசு விளையாட்டு விடுதிகள், மயிலாடுதுறையில் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் என்று டெல்டாவுக்குள்ளேயே படிகள் இருக்கின்றன. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் வடுவூர்ப் பையன் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார். அவருக்குத் தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கபடி ஆடுகிறார்கள்.

ஆட்டத்தை விட்ட பிறகு பயிற்சியாளராக விரும்புகிறவர்களுக்குப் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பு இருக்கிறது. அதற்கும் தேசிய அளவில் ஆடிய சான்றிதழ் பெரிய பலம். நடுவர் தேர்வு எழுதுவது இன்னொரு வழி.

பெண்களின் நிலைமை இதைவிடக் கடினம், அதைச் சொல்லாமல் விட முடியாது. அவர்களுக்கு 12-க்கு 8 மீட்டர் களம், 75 கிலோ வரம்பு, அதே விதிகள், அதே முழங்கால். ஆண்கள் லீக்கில் நடப்பது போன்ற ஏலம் மட்டும் இல்லை. 2016-ல் மூன்று அணிகளோடு ஒரு பெண்கள் தொடர் நடந்தது. ஆண்கள் லீக்கைப் போல அது தொடரவில்லை. ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி சேர்ந்தது 2010-ல். அதிலிருந்து 2023 வரை நடந்த நான்கு போட்டிகளில் இந்தியப் பெண்கள் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கியிருக்கிறார்கள். இவ்வளவு ஜெயித்தும், ஒரத்தநாட்டிலோ நன்னிலத்திலோ ஆடுகிற ஒரு பெண்ணுக்கு வருமானம் தரும் ஏணியில் இருப்பது ஒரே படி, வேலை. ஆகவே அவர்களுக்குப் படிவம் 2-ம் படிவம் 3-ம்தான் எல்லாம். பிளஸ் டூ முடித்ததும் கபடி அணி வைத்திருக்கும் கல்லூரியில் சேர்ப்பது, மூன்று வருஷமும் பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அனுப்புவது, 21 வயதில் கல்யாணப் பேச்சு வந்தால் 25 வரை தள்ளிப்போடுவது என்று வீட்டார் துணை நிற்க வேண்டும். ஆண் பிள்ளைக்கு ஷூ வாங்கும் மன்றங்கள் அதே ஊர்ப் பெண்கள் அணிக்கும் முட்டிக் கவசமும் ஷூவும் வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர்களுக்கென்று மேட்டை ஒதுக்கினால் அடுத்த தேர்வுக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் இரண்டு பேராவது போவார்கள்.